வீட்டு வாசலில் வண்டி வேலை: முதல் டூல்ஸ் வாங்குவது எப்படி?

முதன்முறையாக என் ஸ்ப்ளெண்டருக்கு நானே இன்ஜின் ஆயில் மாற்ற உட்கார்ந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பிளாட்பாரக் கடையில் 250 ரூபாய்க்கு வாங்கிய ஸ்பேனர் செட் கையில் இருந்தது. அடியில் இருக்கும், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டில் 17 நம்பரை மாட்டி அழுத்தினேன். போல்ட் அசையவே இல்லை. ஸ்பேனரின் வாய்தான் கொஞ்சம் விரிந்து, நழுவி, போல்ட்டின் மூலையை வழித்துக்கொண்டு வந்தது. திரும்ப மாட்டினேன், திரும்ப வழித்தது. நான்கு மூலை போன பிறகுதான் நிறுத்தினேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் பைப் ரெஞ்சால் அதைக் கழற்றி, புதுப் போல்ட் ஒன்றை என் கையில் கொடுத்தார். "உன் ஸ்பேனர்ல இதை வச்சு ஆட்டிப் பாரு, தம்பி" என்றார். கடகடவென்று ஆடியது. பிறகு தன்னுடைய பழைய ரிங் ஸ்பேனரைக் கொடுத்தார். எண்ணெய்க் கறை ஏறி, எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஸ்பேனர். அதில் போல்ட் உள்ளே போனதும் அப்படியே உட்கார்ந்துகொண்டது. ஆட்டம் துளிகூட இல்லை. டூல்ஸ் வாங்குவதில் நான் கற்ற முதல் பாடம் அதுதான். போல்ட்டைத் தொடும் டூலுக்குக் காசைக் கொடுங்கள், மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடிக்கலாம். கீழே சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

பைக் அல்லது ஸ்கூட்டர் வைத்திருக்கும், இதுவரை டூல்ஸ் வாங்கியே பழக்கமில்லாத ஒருவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: கடைக்குப் போகும் முன் வண்டியைப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு வண்டியின் பக்கத்தில் உட்காருங்கள். நீங்களே செய்யப்போகும் வேலைகள் என்னென்ன? ஆயில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்வது, செயின் டைட் வைப்பது, பிரேக் சரிசெய்வது, ஏர் ஃபில்டர் கழற்றுவது. தொடக்கத்தில் இவை போதும். இந்த வேலைகளில் கை படும் போல்ட், நட், ஸ்குரூ ஒவ்வொன்றின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பேனர் இல்லாதவர்கள் ஸ்டீல் ஸ்கேலால், போல்ட் தலையின் ஒரு தட்டைப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை அளந்தால் போதும். மூலைக்கு மூலை அளக்காதீர்கள்.

அளந்து முடித்தால் ஒரு விஷயம் தெரியும். பெரும்பாலான பைக்குகளில் 8, 10, 12, 14, 17 இந்த ஐந்து அளவுகளே திரும்பத் திரும்ப வரும். இதற்கு ஒரு காரணம் உண்டு. 1980-களில் ஹீரோ ஹோண்டா, டிவிஎஸ் சுசுகி, யமஹா ஆர்எக்ஸ் 100 என்று நம் ஊர் பைக்குகள் ஜப்பான் கம்பெனிகளின் வடிவமைப்பில் வரத் தொடங்கின. மரைப் பகுதி 8 மி.மீ. தடிமன் உள்ள போல்ட்டுக்கு ஜப்பான் வழக்கத்தில் தலை 12 மி.மீ. ஐரோப்பிய வழக்கத்தில் அதே போல்ட்டுக்குத் தலை 13. அதே மாதிரி 10 மி.மீ. போல்ட்டுக்கு ஜப்பானில் 14, ஐரோப்பாவில் 16 அல்லது 17. ஆகவே உங்கள் வண்டியில் 12-ஆ, 13-ஆ என்பதைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். 12 போல்ட்டில் 13 ஸ்பேனரைப் போட்டால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

பின்சக்கர ஆக்சில் நட் மட்டும் வண்டிக்கு வண்டி மாறும். அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

சீட்டுக்கு அடியில் கம்பெனி கொடுத்த டூல் கிட் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் வரும் பிளக் ஸ்பேனர் தரமானதாக இருக்காது என்றாலும், உங்கள் பிளக்குக்குச் சரியான அளவில் இருக்கும். 100, 110 சிசி வண்டிகள் பலவற்றில் பிளக்கின் அறுகோணம் 16 மி.மீ. அந்த ஒரு டூல் செலவு மிச்சம்.

படி 2: முதல் பட்டியல்

உங்கள் பேப்பரில் உள்ள அளவுகளில் மட்டும் காம்பினேஷன் ஸ்பேனர்களை லூஸில் வாங்குங்கள். ஒரு முனை திறந்த வாய், மறுமுனை வளையம் என்று வரும் வகை அது. வளையம் போல்ட்டின் ஆறு மூலைகளையும் பிடிக்கும். திறந்த வாய் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடிக்கும். இறுகிய போல்ட்டை வளையத்தால் விடுவித்துவிட்டு, அப்புறம் வாயால் வேகமாகச் சுழற்றிக் கழற்றலாம். இரண்டு முனையிலும் வேறு வேறு அளவு உள்ள வகையில், 8 ஸ்பேனர் உள்ள முழு செட்டில் 6-7 முதல் 20-22 வரை 16 அளவுகள் வரும். பைக்குக்கு அதில் பாதி பெட்டியிலேயே கிடக்கும்.

அடுத்து 10-லும் 12-லும் டீ ஸ்பேனர் (T வடிவக் கைப்பிடி உள்ளது) ஒவ்வொன்று. வொர்க்‌ஷாப்பில் பையன்கள் சைடு கவரை அரை நிமிடத்தில் கழற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கு இதுதான் காரணம்.

ஸ்குரூ டிரைவர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். நட்சத்திரத் தலையில் எண் 1, 2, 3 என்று அளவுகள் உண்டு. வீடுகளில் இருப்பது பெரும்பாலும் எண் 2. இன்ஜின் கவர் போன்ற இடங்களில் உள்ள பெரிய ஸ்குரூக்களுக்கு எண் 3 வேண்டும். எண் 2-ஐ வைத்துத் திருகினால் நுனி மேலே ஏறி, தலையைக் குடைந்துவிடும். ஜப்பானியத் தலையுள்ள ஸ்குரூவில் சிறிய புள்ளி ஒன்று குத்தப்பட்டிருக்கும். அந்தப் பள்ளத்தின் வடிவம் சாதாரண ஸ்டார் டிரைவருக்கு முழுமையாகப் பொருந்தாது. ஆகவே நன்றாக அழுத்திப் பிடித்துத்தான் திருக வேண்டும். எண் 2, எண் 3, ஒரு தட்டை முனை என மூன்று டிரைவர் நல்லதாக வாங்குங்கள்.

ஆலன் கீ (தலையில் அறுகோணக் குழி உள்ள போல்ட்டுகளுக்கு) ஒரு செட், கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ். அவ்வளவுதான். டபாரியா போன்ற இந்திய பிராண்டுகளில் வாங்கினால் இந்தப் பட்டியல் முழுவதும் சுமார் 2,500 ரூபாய்க்குள் அடங்கிவிடும். கடைக்குக் கடை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

ஆயில் பிடிக்க டிரே வாங்காதீர்கள். 5 லிட்டர் எண்ணெய் கேனைப் படுக்க வைத்து ஒரு பக்கத்தை வெட்டினால் டிரே தயார். செயின் தேய்க்கப் பழைய டூத் பிரஷ் போதும். கழற்றிய நட்டுகளை வைக்க எவர்சில்வர் தட்டு, துடைக்கப் பழைய பனியன் துணி. ஃபனலுக்கு பெட் பாட்டிலின் மேல்பாதி. நான் இன்றுவரை இவற்றுக்குக் காசு கொடுத்ததில்லை.

படி 3: எங்கே வாங்குவது

சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெருவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். டூல்ஸ், ஹார்டுவேர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மற்ற ஊர்களில் மோட்டார், பம்ப் ரிப்பேர் செய்பவர்கள் எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்டால் உங்கள் ஊரின் கடைத்தெரு தெரிந்துவிடும். பெட்டியில் அச்சடித்த விலையை அப்படியே கொடுக்க வேண்டியதில்லை. "எவ்வளவு டிஸ்கவுண்ட் போடுவீங்கண்ணே?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, கடைக்காரர்களும் அதை எதிர்பார்த்துத்தான் இருப்பார்கள். ஆன்லைனில் சில நேரம் விலை குறையும், ஆனால் அடுத்த படியில் சொல்லும் சோதனையைச் செய்ய முடியாது. ஆன்லைனில்தான் வாங்குவேன் என்றால், திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பார்த்து, வந்த அன்றே வீட்டு வாசலில் சோதித்துவிடுங்கள்.

கடையில் 'நூல்' என்ற சொல் காதில் விழும். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். நாலு நூல் என்றால் அரை இஞ்ச், மூணு நூல் என்றால் 9.5 மி.மீ. சாக்கெட் (போல்ட் தலையின் மேல் கவிழ்த்து மாட்டும் குழாய் போன்ற டூல்) வாங்கும்போது இந்தக் கணக்கு உதவும்.

படி 4: கடையில் சோதிப்பது

சட்டைப் பையில் 10, 12, 14 தலையுள்ள மூன்று புதுப் போல்ட்களைக் கொண்டுபோங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கப்போகும் ஸ்பேனரில் போல்ட்டை வைத்து இடமும் வலமும் ஆட்டுங்கள். உள்ளே எளிதாக நுழைய வேண்டும், நுழைந்த பிறகு ஆடக் கூடாது. அப்புறம் திறந்த வாயின் இரண்டு தாடைகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்றுக்கொன்று இணையாக, விளிம்பு கூர்மையாக இருந்தால் சரி. நிக்கல் பூச்சு வழிந்து திட்டுத் திட்டாக இருந்தால் வைத்துவிடுங்கள்.

உடலில் குரோம் வனேடியம் (உறுதியான உருக்கு வகை) என்று பொறித்திருப்பது நல்ல அடையாளம்தான். ஆனால் மட்டமான சரக்கிலும் அதே எழுத்தைப் பொறித்துவிடுகிறார்கள், எனவே எழுத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். போல்ட் சொல்வதை நம்புங்கள்.

பிளேயரை மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெட்டும் பகுதியில் ஒளி கசிந்தால் மெல்லிய ஒயர் அறுபடாது, நசுங்கும்.

படி 5: காயலான் கடை

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மூடிய பட்டறைகளின் டூல்ஸ் எடைக்கு வரும். துரு ஏறிய ரிங் ஸ்பேனரை எடுத்து வளையத்தின் உள்ளே பாருங்கள். மூலைகள் கூர்மையாக இருந்தால் துருவைப் பற்றிக் கவலை வேண்டாம், கம்பி பிரஷ்ஷால் போய்விடும். மெல்லிய விரிசல் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். சுத்தியல், வைஸ், பெரிய ரிங் ஸ்பேனர்கள் இங்கே வாங்கத் தகுந்தவை. என் வைஸ் இப்படி வந்ததுதான், அதன் திருகு முழு நீளத்துக்கும் தடையில்லாமல் ஓடுகிறதா என்று கடையிலேயே ஐந்து நிமிடம் சுற்றிப் பார்த்து வாங்கினேன். அரம், ஜாக் இரண்டையும் பழையதாக வாங்காதீர்கள். ஜாக் உயிர் சம்பந்தப்பட்டது. கார் வைத்திருப்பவர்கள் ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. எடை தாங்கும் ஜாக் ஸ்டாண்ட் இரண்டு புதிதாக வாங்கி, சமதளத்தில் வைத்த பிறகே கீழே போகவேண்டும்.

படி 6: மூன்று மாதம் கழித்து

முதல் பட்டியலோடு இரண்டு மூன்று முறை வேலை செய்துவிட்டால் எது குறைகிறது என்று கையே சொல்லும். அநேகமாக அது சாக்கெட் செட்டாக இருக்கும். பைக்குக்கு மூணு நூல் டிரைவ் (சாக்கெட்டை மாட்டும் சதுர முனை) உள்ள ராட்செட், அதாவது ஒரு பக்கம் மட்டும் திருகும் கைப்பிடி, வசதியானது. அரை இஞ்ச் பெரியது, பைக்கின் இடுக்குகளில் நுழையாது. சாக்கெட்டின் உட்புறம் 12 முனை உள்ளதைவிட 6 முனை உள்ளதையே கேட்டு வாங்குங்கள், பழைய போல்ட்டை அது நன்றாகப் பிடிக்கும்.

எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்குவதில் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். 10 மி.மீ. மரை உள்ள ஸ்பார்க் பிளக்குக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். கடையில் எளிதாகக் கிடைக்கும் அரை இஞ்ச் டார்க் ரெஞ்ச்கள் பல 28 அல்லது 40-க்கு மேல்தான் தொடங்கும். அதை வைத்து அலுமினியத் தலையில் பிளக்கை இறுக்கினால் மரை போய்விடும். 5 முதல் 25 வரை காட்டும் சிறியதைத் தேடி வாங்குங்கள். அது கிடைக்கும் வரை, பிளக்கைக் கையாலேயே முழுதும் திருகி உட்காரவைத்து, அப்புறம் ஸ்பேனரை எடுங்கள். புது பிளக்காக இருந்தால் அரைச் சுற்று, ஏற்கெனவே போட்டிருந்ததாக இருந்தால் அதைவிட மிகக் குறைவு.

சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள். முழுதும் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, வண்டி ஓடாதபோது 12.6-க்கு மேல் காட்டும். இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் புது பேட்டரிக்குக் காசு கொடுக்கும் முன் சார்ஜிங் பக்கம் பாருங்கள்.

படி 7: வைத்துக்கொள்வது

கடலோர ஊர்க்காரர்கள் இதில் கூடுதல் கவனம் வையுங்கள். உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் துரு பிடித்துவிடும். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றையும் துடைத்து, இன்ஜின் ஆயில் தொட்ட துணியால் மெலிதாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். பிறகு அளவு வரிசையில் ஒரு பழைய ஜீன்ஸ் துணியில் பை தைத்துச் சுருட்டி வையுங்கள். ஒவ்வொரு அறைக்கும் மேலே மார்க்கரால் எண்ணை எழுதிவிட்டால், வேலை முடிந்து சுருட்டும்போதே காலியாக இருக்கும் அறை கண்ணில் படும். போன மாதம் என் 10 நம்பர் ஸ்பேனர் அப்படித்தான் கிடைத்தது. பேட்டரி பெட்டிக்குள்ளேயே விட்டிருந்தேன்.