மரமில்லாத புல்வெளியில் மண்வீடும் மிஸ்ட் அடுப்பும்

அமெரிக்காவில் அரசு நிலத்தைக் குடியேறுவோருக்குக் கொடுத்த 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டத்தில் 160 ஏக்கர் கிடைத்தது. கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர்தான். ஆனால் பட்டா கைக்கு வர ஐந்து வருஷம் அந்த நிலத்திலேயே குடியிருக்க வேண்டியிருந்தது. கான்சாஸ், நெப்ராஸ்கா, டகோட்டா பக்கம் அப்போது கண்ணுக்கு எட்டிய தூரம் மரம் கிடையாது. 1870களில் ரஷ்யாவிலிருந்து அங்கே குடியேறிய ஜெர்மானியர்களுக்கு இது புதிதில்லை. வோல்கா, கருங்கடல் பக்கத்துப் புல்வெளிகளில் மூன்று நான்கு தலைமுறையாக மண்ணையும் சாணத்தையும் வைத்தே சமாளித்தவர்கள் அவர்கள். அன்றைய முறையிலேயே மண்வீடு கட்டி, மிஸ்ட் என்ற சாண எரிபொருளும் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதோ வழி.

முதலில் மண். ஒருமுறைகூட உழாத, வேர் நெருக்கமாகப் பின்னிய நிலம் வேண்டும். மணல் கலந்த இடத்தைத் தொடவே வேண்டாம். புல்வேரோடு வெட்டியெடுத்த மண்பாளம் வண்டியில் ஏறும் முன்பே உதிர்ந்துவிடும். மழை பெய்து ஈரம் சற்று இறங்கியதும் வெட்டுங்கள். சாதாரண கலப்பை மண்ணைப் புரட்டி நொறுக்கும். மண்ணைப் புரட்டும் பலகைக்குப் பதில் இரும்புக் கம்பிகள் வைத்த கலப்பைதான் பாளத்தை முழுசாகப் படுக்கவைக்கும். 1 அடி அகலம், 4 அங்குலக் கனத்தில் பட்டையாக எடுத்து, மண்வெட்டியால் 3 அடி நீளத்துக்கு நறுக்குங்கள். ஒன்று 50 பவுண்டுக்குக் குறையாது. உள்ளளவு 16க்கு 20 அடி, உயரம் 7 அடி என்றால் சுவருக்கு மட்டும் சுமார் 1,100 பாளம். ஆனால் அன்றன்றைக்கு அடுக்க முடிந்த அளவு மட்டும் வெட்டுங்கள். காய்ந்த பாளம் ஒன்றோடொன்று ஒட்டாது.

புல் பக்கம் கீழே இருக்க, இரண்டிரண்டாக அடுக்கினால் 2 அடி கனச் சுவர். சந்துக்கு மேல் சந்து வரக்கூடாது. மூன்று வரிசைக்கு ஒருமுறை பாளங்களைக் குறுக்கே போடுங்கள். போடாவிட்டால் உள்சுவரும் வெளிச்சுவரும் தனித்தனியே பிரிந்து நிற்கும். பலரும் கோட்டைவிடுவது சன்னலில். ஈரம் காயக் காயச் சுவர் பல அங்குலம் இறங்கும். அதனால் சன்னல் சட்டத்துக்கு மேலே இடைவெளி விட்டு, கந்தலையும் புல்லையும் திணியுங்கள். நெருக்கிக் கட்டினால் சுவர் உட்காரும்போது கண்ணாடி போய்விடும்.

கூரைதான் தலைவலி. ஆற்றோரத்துக் காட்டன்வுட் மரத்தில் மோட்டுவளை, அதன்மேல் கைமரம், வில்லோ மிளாறு, உலர்புல், கடைசியில் பாளம். சரிவு அதிகமானால் மண் வழுக்கும், குறைந்தால் நீர் தேங்கும். எப்படிக் கட்டினாலும் ஒழுகும், அதுவும் வெளியே மழை விட்ட பிறகும்! நனைந்த கூரையின் பாரத்துக்கு மோட்டுவளை வளையும். நடுவில் ஒரு தூண் கொடுங்கள். அடியில் மஸ்லின் துணி கட்டினால் மண்ணும் எலியும் பாம்பும் சாப்பாட்டில் விழாது.

அடுத்தது விறகு. விறகே இல்லாத ஊரில் அதற்கு மிஸ்ட் என்று பெயர், ஜெர்மனில் சாணம். குளிர்காலம் முழுக்கத் தொழுவத்தில் சேர்ந்த சாணத்தையும் வைக்கோலையும் வசந்தத்தில் வெளியே பரப்பி, தண்ணீர் தெளித்து, குதிரைகளை விட்டு மிதிக்க வையுங்கள். வைக்கோல் குறைந்தால் காயும்போது வெடித்துப் பொடியாகும். இறுகியதும் மண்வெட்டியால் சதுரமாக வெட்டி, நிமிர்த்திச் சாய்த்துக் காற்றாட வையுங்கள். மேலே காய்ந்துவிட்டது என்று நம்பாதீர்கள். ஒன்றை உடைத்துப் பாருங்கள். நடு கறுத்து ஈரமாக இருந்தால் திருப்பிப் போடுங்கள், இல்லையென்றால் அடுப்பில் புகைதான் வரும். இலையுதிர்கால மழைக்கு முன் கூரைக்கு அடியில் ஏற்றிவிட வேண்டும்.

மிஸ்ட் நிதானமாக, நின்று எரியும். சாம்பல் மட்டும் கூடை கூடையாக விழும். கொட்டிவிடாதீர்கள்: களிமண்ணோடு குழைத்து உள்சுவரில் பூசினால் மண் உதிர்வது நிற்கும்.