பாவம் பார்த்துக் கத்தியைப் பிடுங்கிவிடாதீர்கள்: பெண் சர்ஜன்களுக்கு வழிகாட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, பெருந்துறை, சேலம் என்று சில ஊர்களில் மட்டும் இருந்த அரசு மருத்துவக் கல்லூரிகள் இப்போது கரூர், திருப்பூர், நாமக்கல் வரை வந்துவிட்டன. சர்ஜரியை விரும்பி எடுக்கும் பெண்களும் வருகிறார்கள். அவர்களுக்குக் கைகொடுக்க மூத்த டாக்டர்கள் ஆங்காங்கே குழு தொடங்குவது மிக நல்ல காரியம். ஆனால் தொடங்கிய ஆறு மாதத்திலேயே, முன்பு நாங்கள் செய்த தவறுகள் அப்படியே திரும்ப நடக்கின்றன. போனை எடுக்காமல் இருப்பது, நர்ஸ்கள் முன்னால் திட்டுவது போன்றவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். நல்லெண்ணத்தோடு செய்கிற தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறோம்.

வாட்ஸப் குரூப்பையே வழிகாட்டல் என்று நினைப்பது

நூற்றைம்பது பேர் இருக்கும் குரூப்பில் கான்ஃபரன்ஸ் நோட்டீஸ் வரும், பிறந்தநாள் வாழ்த்து வரும். "நேத்து கேஸ்ல ரத்தம் நிக்கல, கை நடுங்கிடுச்சு" என்று அங்கே யாரும் எழுத மாட்டார்கள். அதைச் சொல்ல ஐந்தாறு பேர் இருக்கும் இடம் வேண்டும். ஒரு மூத்தவர், இரண்டு அசிஸ்டென்ட் சர்ஜன், இரண்டு மூன்று பிஜி (மேற்படிப்பு மாணவர்கள்) போதும். மாதம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் நேரில் உட்காருங்கள். தேதி குறிக்கும் முன் முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பாருங்கள். நம் பக்கம் முகூர்த்த நாளில் கூட்டம் வைத்தால் பாதிப் பேர் கல்யாண மண்டபத்தில்தான் இருப்பார்கள்.

பாவம் பார்த்துக் கேஸைக் குறைப்பது

எல்லாவற்றிலும் அதிக விலை கொடுக்க வைப்பது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் திரும்ப நடப்பதால் இன்றும் எரிச்சல் வருகிறது.

வழக்கமாக இது இப்படி நடக்கும். பிரசவ விடுப்பு முடிந்து ஒரு சர்ஜன் வேலைக்கு வருகிறார். சீஃப் அன்போடு சொல்கிறார்: "கைக்குழந்தை இருக்குது அம்மிணி, நைட் டூட்டியெல்லாம் இப்ப எதுக்கு? ஓ.பி.யைப் பாத்துட்டு நேரத்தோட ஊட்டுக்குக் கெளம்பு." அவரும் "சரிங்க சார்" என்கிறார். பெரியவர் பரிவோடு சொல்வதை மறுக்க நம் ஊரில் யாருக்கும் வாய் வராது. அடுத்த வாரம் தியேட்டர் லிஸ்ட்டில் அவர் பெயர் 'அசிஸ்ட்' பத்திக்குப் போகிறது. ஆறு மாதம் கழித்தும் அங்கேயேதான் இருக்கிறது. லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) பயிற்சிக்கு ஒருவரை அனுப்ப வேண்டிய நாளில், "அவங்க இப்ப கேஸ் அதிகம் பண்றதில்லையே" என்று அதே யூனிட்டில் பேச்சு வருகிறது. கேஸைக் குறைத்தது யார் என்பது அதற்குள் எல்லோருக்கும் மறந்துபோயிருக்கும்.

இரவு டூட்டியை எடுத்துவிட்டால் போவது தூக்கமின்மை மட்டும் அல்ல. குடல் ஓட்டை, குடல் அடைப்பு, ரத்த ஓட்டம் நின்ற ஹெர்னியா, அவிநாசி சாலை விபத்தில் மண்ணீரல் கிழிந்து வருபவர், சோமனூர்ப் பக்கம் தறியில் கை சிக்கி வருபவர், இவர்களில் பலர் நேரம் கெட்ட நேரத்தில்தான் வருவார்கள். வயிற்றை இப்போதே திறப்பதா, ஆறு மணி நேரம் பொறுப்பதா? குடலைச் சேர்த்துத் தைப்பதா, வெளியே கொண்டுவந்து வைப்பதா? பகல் லிஸ்ட்டில் கை பழகும். இந்த முடிவுகளை எடுக்கும் துணிச்சல் எமர்ஜென்சியில்தான் வரும்.

பகல் கேஸிலும் பறிபோவது உண்டு, அது கண்ணுக்குத் தெரிவதில்லை. லேப்ராஸ்கோபியில் பித்தப்பையை எடுப்பதைப் பாருங்கள். போர்ட் (கருவி நுழையும் குழாய்) போடுவது, கேலட் முக்கோணத்தை (பித்தப்பைக் குழாயும் ரத்தக்குழாயும் இருக்கும் இடத்தை) பிரிப்பது, இரண்டே இரண்டு குழாய்கள்தான் பித்தப்பைக்குள் போகின்றன என்று கண்ணால் உறுதி செய்வது, கிளிப் போட்டு வெட்டுவது, ஈரல் படுக்கையிலிருந்து பையைப் பிரிப்பது, வெளியே எடுத்துத் தையல் போடுவது. இதில் கேமராவும் கடைசித் தையலும் மட்டும் ஒருவருக்குக் கிடைத்தால், லாக் புக்கில் நூறு கேஸ் இருந்தாலும் கேலட் முக்கோணத்தில் அவர் கை ஒருநாளும் பட்டிருக்காது.

அதனால் லாக் புக்கை (செய்த கேஸ்களின் பதிவேட்டை) ஆபரேஷனின் ஒவ்வொரு படியாக எழுத வையுங்கள். ஒவ்வொரு படிக்கும் எதிரே நான்கில் ஒன்று இருக்கட்டும்: பார்த்தேன், உதவினேன், மூத்தவர் துணையோடு செய்தேன், மூத்தவர் பார்த்திருக்க நானே செய்தேன். மாதக் கடைசியில் அதே ஆண்டு பிஜிக்கள் எல்லோருடைய தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாருக்குக் கத்தி போகிறது, யாருக்குக் கேமரா போகிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

விடுப்பிலிருந்து வருபவருக்குத் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். தமிழக அரசுப் பணியில் விடுப்பு 12 மாதம். மற்ற இடங்களில் சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அவர் திரும்புவதற்கு நான்கு வாரம் முன்பே கூப்பிட்டு, "எப்படி ஆரம்பிக்கலாம்னு நினைக்கறீங்க?" என்று கேளுங்கள். பதிலை நீங்களே வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். எங்களுக்குச் சரிப்பட்டு வந்த வரிசை இது: முதல் இரண்டு வாரம் ஹெர்னியா, அப்பெண்டிக்ஸ் போன்றவற்றில் அவரே முதல் சர்ஜன், மூத்தவர் ஒருவர் கூடவே ஸ்க்ரப் ஆகி (கை கழுவி, கிளவுஸ் போட்டு) நிற்பார். அடுத்த இரண்டு வாரம் விடுப்புக்கு முன் செய்துகொண்டிருந்த அளவு கேஸ்கள். ஐந்தாம் வாரம் முதல் இரவு டூட்டி, துணைக்கு யார் என்ற பெயரோடு. ஒன்பதாம் வாரம் முதல் எல்லோருக்கும் உள்ள ரோஸ்டர். அவரே கேட்டு ஏதாவது குறைத்தால், அது எந்தத் தேதியில் முடிகிறது என்றும் சேர்த்து எழுதுங்கள்.

பரிவைக் காட்ட வேறு வழிகள் நிறைய இருக்கின்றன. டூட்டி ரூமுக்கு உள்தாழ்ப்பாள் போட்டுக் கொடுங்கள். இரவில் வர வண்டியும் தெரிந்த டிரைவரும் ஏற்பாடு செய்யுங்கள். பால் கொடுக்கும் அம்மாவுக்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம், பூட்டிக்கொள்ள ஓர் அறை, பாலை வைக்க ஒரு ஃபிரிட்ஜ் வேண்டும். லிஸ்ட் போடும்போதே இரண்டு கேஸுக்கு நடுவில் அந்த இடைவெளியை விடுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் சட்டப்படி கட்டாயம். ஒரு நாளில் நான்கு முறை அம்மா அங்கே போய்வரலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

பெண்ணுக்குப் பெண்தான் வழிகாட்ட வேண்டும் என்பது

மனம் விட்டுப் பேச மூத்த பெண் சர்ஜன் வேண்டும், சரி. ஆனால் லிஸ்ட் போடும் பேனா பெரும்பாலும் ஆண் சீஃப் கையில் இருக்கிறது. அவரைச் சேர்க்காத குழுவில் ஆறுதல் கிடைக்கும், கேஸ் கிடைக்காது. அறிவுரை சொல்பவர் ஒருவர், அந்தப் பெண் சர்ஜன் இல்லாத இடத்தில் அவருக்காகப் பேசுபவர் இன்னொருவர் என்று இரண்டு பேரையாவது தேடிக்கொடுங்கள்.

"எப்ப கண்ணு கல்யாணம்?"

கேட்காதீர்கள்.

"பெரிய டாக்டர் எப்பங்க வருவாரு?"

அரை மணி நேரம் நின்று ஆபரேஷனை விளக்கிய பெண் சர்ஜனிடமே உறவினர்கள் இதைக் கேட்பார்கள். அங்கே சீஃப் வந்து தானே திரும்ப விளக்கினால் கதை முடிந்தது. "மேடம்தானுங்க ஆபரேஷன் பண்றாங்க, அவங்ககிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் பேசாமல் நில்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

தியேட்டர் எல்லோருக்கும் ஒரே அளவு என்று நினைப்பது

லேப்ராஸ்கோபியில் கருவியின் கைப்பிடி முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். உயரமான சர்ஜனுக்கு வைத்த டேபிளில் குள்ளமானவர் நின்றால் தோள்பட்டையைத் தூக்கியே இரண்டு மணி நேரம் வேலை செய்வார். வலி கழுத்தில் தொடங்கும். டேபிளை இறக்குங்கள், போதவில்லை என்றால் கால் பெடலோடு சேர்த்து நிற்க அகலமான மேடை போடுங்கள், மானிட்டரைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே கொண்டுவாருங்கள். 6, 6½ கிளவுஸ் ஸ்டாக்கில் இருக்கிறதா என்று முதல் நாள் மாலையே பாருங்கள். ஸ்டேப்ளரை ஒரு கையால் அழுத்த முடியாதவர் பலவீனமானவர் அல்ல, கைப்பிடி பெரியது. இரண்டு கையால் அழுத்தட்டும்.

எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் லெட் (ஈய) ஏப்ரனின் அக்குள் பக்கத்து இடைவெளியையும் கவனியுங்கள். தொளதொள ஏப்ரனில் மார்பகத்தின் வெளிப்பக்கம் மறைப்பே இல்லாமல் இருக்கும். அளவான ஏப்ரனோ அக்குளை மூடும் தனித் துண்டோ வாங்கச் சொல்லுங்கள்.

கர்ப்பத்தை ரகசியமாக வைக்க வைப்பது

சொன்னால் கேஸ் போய்விடும் என்ற பயத்தில் பலர் மறைக்கிறார்கள். சி-ஆர்ம் (ஆபரேஷனின்போதே எக்ஸ்ரே படம் காட்டும் கருவி) உள்ள தியேட்டரில் அது ஆபத்து. கர்ப்பத்தைத் தெரிவித்த நாள் முதல் பிரசவம் வரை கருவுக்குப் போகும் கதிர்வீச்சு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. தெரிவித்தால்தானே வயிற்றருகே ஏப்ரனுக்கு உள்ளே கதிர்வீச்சைப் பதியும் இன்னொரு பேட்ஜ் போட்டு அளக்க முடியும்? குழாயிலிருந்து இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிர்வீச்சு நான்கில் ஒன்றாகும். பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது குழாய்ப் பக்கம் நிற்க வேண்டாம். எலும்பு சிமெண்டை, அதன் ஆவி பரவாதபடி, திறந்த கிண்ணத்தில் கலக்காமல் வெற்றிடக் கலப்பானில் கலக்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரே இல்லாத கேஸ்களை அவருக்கு மாற்றிக் கொடுங்கள், எண்ணிக்கை குறையாமல்.

புகாரை டீ வாங்கிக் கொடுத்து முடிப்பது

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் என்றால் 2013 சட்டப்படி சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் உள்புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். நீங்கள் சமாதானம் பேசும் ஒவ்வொரு வாரமும் அந்தக் கணக்கில் கழியும்.

சிக்கல் வந்த இரவில் தனியாக விடுவது

பித்தநாளம் வெட்டுப்பட்டது, அல்லது நோயாளி டேபிளிலேயே போய்விட்டார். அன்று இரவு அந்த சர்ஜன் தூங்க மாட்டார், சாப்பிட்டிருக்கவும் மாட்டார். மறுநாள் மீட்டிங்கில் பேசிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். உறவினர்களிடம் பேச அவரோடு நீங்களும் போங்கள். கேஸ் ஷீட்டை நேர வரிசைப்படி எழுதும்வரை பக்கத்தில் உட்காருங்கள். இரவில் ஒருமுறை கூப்பிடுங்கள், "எங்க தப்பு நடந்துச்சு" என்று தொடங்காமல் "சாப்ட்டீங்களா" என்று தொடங்குங்கள். ஒரு வாரம் தாண்டியும் தூக்கம் வராவிட்டால் மனநல மருத்துவரிடம் நீங்களே நேரம் வாங்கிக் கொடுங்கள். அடுத்த லிஸ்ட்டில் அவர் பெயரை எடுத்துவிடாதீர்கள். முதல் கேஸாக, முதல் சர்ஜனாகப் போட்டு, எதிர்ப்பக்கம் நீங்கள் ஸ்க்ரப் ஆகி நில்லுங்கள்.