பழைய ஜீப்புக்கு வீட்டுக் கொட்டகையில் பெயிண்ட்: எங்கெங்கே சறுக்குகிறது

பழைய மஹிந்திரா ஜீப் ஒன்றை வாங்கி வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, தானே பெயிண்ட் அடிக்க நினைப்பவர்களின் முதல் தவறு கம்ப்ரசரை ஓட்டுவதற்கு வெகு முன்பே நடந்துவிடுகிறது. ஷோரூமில் நிற்கும் புதுக் காரைப் போல வண்டி மின்ன வேண்டும் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள்.

ஜீப் அப்படி மின்னிய வண்டியே இல்லை. வில்லிஸ் நிறுவனம் 1953-இல் கொண்டுவந்த சி.ஜே.3பி மாடலைத்தான் மஹிந்திரா உரிமம் பெற்றுப் பல பத்தாண்டுகள் இங்கே தயாரித்தது. உயரமான பானெட், தட்டையான மட்கார்டு, நேர்க்கோட்டில் மடித்த தகடு, அங்கங்கே ஸ்பாட் வெல்டிங் குழிகள். எண்பதுகளில் வந்த எம்.எம்.540 வரை இந்த உடல்வாகு பெரிதாக மாறவில்லை. போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போன வண்டிகள் இவை. இத்தனை தட்டையான தகட்டின் மேல் கண்ணாடிப் பளபளப்பு ஏற்றினால் ஒவ்வொரு நெளிவும் வெளிச்சத்தில் தனித்தனியாகத் தெரியும். அந்த நெளிவை மறைக்கப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) கூடும். பளபளப்புக்காக பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட் தேவைப்படும். பி.யூ.வுக்கு பூத், அதாவது காற்றை வடிகட்டி வெளியேற்றும் தனி அறை, தேவைப்படும். அது வீட்டில் இல்லை. மீதிச் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வந்து சேர்கின்றன.

அடுத்தது நிறம். பழைய ஜீப் என்றதும் பாதிப் பேருக்கு ராணுவப் பச்சை மேல்தான் கண். பாதுகாப்புத் துறை வண்டி அல்லாத எதற்கும் ஆலிவ் கிரீன் அடிக்கக் கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதி சொல்கிறது. விவசாயத்துக்கு மட்டும் ஓடும் டிராக்டருக்குத்தான் விலக்கு. "எங்கள் ஊரில் பத்து வண்டி அப்படித்தான் ஓடுகிறது" என்பது செக்போஸ்டில் எடுபடாது. வேறு நிறம் என்றாலும் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் நிறத்திலிருந்து மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும். அடித்து முடித்த பிறகு விசாரிப்பவர்கள்தான் அதிகம். வண்டி 50 வயதைத் தாண்டியிருந்து, 2021-இல் வந்த விண்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், பாடியையும் சேஸையும் வடிவம் மாறும்படி வெட்டி ஒட்டும் வேலையே வேண்டாம். அசல் வடிவம் மாறியிருக்கக் கூடாது என்பதுதான் அந்தப் பதிவின் நிபந்தனை. சேஸில் குத்தியிருக்கும் எண்ணைத் தேய்த்தோ பட்டி பூசியோ மங்கவைத்துவிடாதீர்கள். ஆர்.டி.ஓ. ஆய்வில் அதன் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்ப்பார்கள். எழுத்து தெரியாவிட்டால் திருட்டு வண்டி என்ற சந்தேகம் வரும். அங்கே பிரைமரும் (அடிப்பூச்சு) நிறமும் மெல்லியதாக இருந்தால் போதும்.

இனி பெயிண்ட் வகை. கடையில் மூன்று வழி காட்டுவார்கள்: சிந்தெடிக் எனாமல், டூகோ என்று பழகிப்போன என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர், இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யூ. கடைக்காரரும் பழக்கமான பெயிண்டரும் பி.யூ.வைத்தான் பரிந்துரைப்பார்கள். வெயிலுக்கும் பெட்ரோல் சிந்தலுக்கும் அதுவே நன்றாகத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் என்ற ரசாயனம். தெளிக்கும்போது எழும் பனித்துகளை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை அடைக்கப் போதும். தோல் வழியாகவும் அது வேலை செய்யும். ஆபத்தான அளவை எட்டும் முன் நம்பும்படியான வாசனை எதையும் காட்டாது. அதனால் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் தீர்ந்துபோனதைக்கூட உங்களால் உணர முடியாது. முறையான பூத்தில் வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகமூடியைப் போட்டுக்கொண்டு அடிக்கிறார்கள். வேலைக் கம்ப்ரசரிலிருந்தே ஒரு குழாயைப் பிரித்து முகத்துக்குக் கொண்டுவருவது அதற்கு மாற்று ஆகாது, அதில் எண்ணெய் ஆவி கலந்திருக்கும். கைக்குட்டை கட்டிக்கொண்டு பி.யூ. அடிப்பவர்களை ஊருக்கு ஊர் பார்க்கிறோம், அதனால் அது பாதுகாப்பாகிவிடாது. பக்கத்து அறையில் குழந்தைகள் தூங்கும் வீட்டுக்கு இந்தப் பெயிண்ட் வேண்டவே வேண்டாம் என்பேன்.

என் தேர்வு சிந்தெடிக் எனாமல்தான், முடிந்தால் அரைப் பளபளப்பில். சில வருடம் வெயிலில் நின்றால் மங்கி, தொட்டால் கையில் மாவு ஒட்டும். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஜீப் முள்ளுக்காட்டில் உரசி வரும் வண்டி. உரசிய இடத்தை எனாமலில் ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம். இதற்கும் மாஸ்க் உண்டு. கரைப்பான் ஆவிக்கான கரி கார்ட்ரிட்ஜும் அதன் மேல் துகள் ஃபில்டரும் வேண்டும். என்-95 தூசியைத்தான் நிறுத்தும், தின்னர் ஆவியை நிறுத்தாது.

பழைய பெயிண்டின் மேலேயே அடிக்கலாமா என்று கேட்பார்கள். பழையது என்ன வகை என்று தெரியாமல் அடிப்பதுதான் தவறு. என்.சி. தின்னரில் நனைத்த துணியை மறைவான ஓர் இடத்தில் சிறிது நேரம் அழுத்திப் பாருங்கள். நிறம் கரைந்து துணியில் வந்தால் அது லேக்கர். தோல் சுருங்கி எழுந்தால் எனாமல். எதுவும் ஆகாவிட்டால் நன்றாக இறுகிய பி.யூ.வாக இருக்கலாம். எனாமலின் மேல் லேக்கர் அடித்தால் அதன் வீரியமான தின்னர் அடியில் இருப்பதைக் கிளப்பிவிடும், பானெட் முழுக்கச் சுருக்கம் விழும். தோட்ட ஜீப்புகளில் நாலைந்து கைகள் அடித்த நாலைந்து அடுக்கு இருக்கும். அதையெல்லாம் நம்பி மேலே கட்டுவதைவிடத் தகடு வரை உரிப்பதே நிம்மதி.

உரிக்கும்போது காய்ந்த எமரியைப் போட்டுத் தேய்த்துக் கொட்டகையைத் தூசிக்காடாக்காதீர்கள். பழைய மஞ்சள், சிவப்பு, பச்சைப் பெயிண்டுகளில் ஈயம் இருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதியே இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதுவும் வண்டிப் பெயிண்டுக்கு அல்ல. பெயிண்டை இளக்கும் ஸ்டிரிப்பர் பூசிச் சுரண்டுங்கள், அல்லது வாட்டர் பேப்பரில் ஈரமாகத் தேய்த்து, சேறு காயும் முன் அள்ளிக் கட்டிவிடுங்கள். வேலை உடுப்போடு வீட்டுக்குள் போகாதீர்கள்.

மணல் அடித்து உரிக்கலாம் என்று யாராவது சொன்னால் சேஸ், ஸ்பிரிங் பிராக்கெட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பானெட்டிலும் பக்கத் தகட்டிலும் அடித்தால் தகடு நீண்டு அலையாகிவிடும், பிறகு எந்த டிங்கராலும் அதை முழுதாக மீட்க முடியாது. ஆற்று மணல் தூள் நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ், அது தனிக் கதை.

துரு விஷயத்தில் ஏமாற்று வேலை நிறைய நடக்கிறது. மேலே கொப்புளமாகத் தெரியும் துரு பெரும்பாலும் உள்ளிருந்து வந்தது. ஜீப்பின் தரைத் தகட்டுக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டங்களில் சேறும் நீரும் தேங்கி, அங்கேதான் அரிப்பு தொடங்கும். ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். உள்ளே போனால் வெட்டிப் புதுத் தகடு வைக்க வேண்டிய இடம் அது. அதன் மேல் பட்டி வைத்தால் ஒரு மழைக்காலம் நிற்கும். பட்டி நீரை உறிஞ்சும் பொருள், அதற்கடியில் துரு இருந்தால் இன்னும் வேகமாகத் தின்னும். அதே காரணத்தால் பட்டியை ஈரமாகத் தேய்க்கக் கூடாது. பட்டியின் கனம் 3 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது என்றால் டிங்கரிங் வேலை முடியவில்லை என்று பொருள். துருமாற்றித் திரவம் பூசியவர்கள், டப்பாவில் சொன்னபடி அதைக் கழுவிக் காயவைக்காமல் மேலே எபாக்சி பிரைமர் அடித்துவிடுகிறார்கள். மிஞ்சிய அமிலம் எபாக்சியை இறுக விடாது, சில மாதத்தில் தோலாக உரிந்து வரும்.

இந்த வண்டியில் ஒரு வசதி உண்டு. பானெட், மட்கார்டு, விண்ட்ஷீல்ட் ஃபிரேம் எல்லாம் போல்ட்டில் நிற்பவை. கழற்றித் தனித்தனியாக அடிக்கலாம். இதைச் செய்யாமல் முழு வண்டியையும் பேப்பர் சுற்றி மறைத்து அடிப்பதை எனக்குப் புரிந்துகொள்ளவே முடியவில்லை. மட்கார்டும் பாடியும் சேரும் முகம் வெறும் தகடாகவே தங்கிவிடும், மழைநீர் நிற்பதும் அங்கேதான். தனித்தனியாக அடித்தால் சின்னக் கம்ப்ரசரும் ஈடுகொடுக்கும். குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றோடு தெளிக்கும் எச்.வி.எல்.பி. கன்கள் பலவற்றுக்கு நிமிடத்துக்கு 10 கன அடிக்கு மேல் காற்று வேண்டும். வீட்டு 1 எச்.பி. கம்ப்ரசர் அதில் பாதிகூடத் தராது. கம்ப்ரசர் லேபிளில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் பிஸ்டன் இடப்பெயர்ச்சி, வெளியே வரும் காற்று அதைவிடக் குறைவு. பானெட்டின் நடுவில் அழுத்தம் இறங்கினால் பெயிண்ட் நுண்துளியாகப் பிரியாமல் சொட்டாக விழும், பரப்பு ஆரஞ்சுத் தோல் போலாகிவிடும்.

தேய்ப்பதற்கு முன்பே எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் தேய்த்தால் எமரி போட்ட கீறலுக்குள் பிசுக்கு இறங்கிவிடும், பிறகு எத்தனை முறை துடைத்தாலும் வராது. துடைக்க இரண்டு துணி தேவை. ஒன்றால் கரைப்பானைப் பூசி, அது உலர்வதற்குள் மற்றொன்றால் வழித்தெடுக்க வேண்டும். ஒரே துணியால் தேய்த்தால் பிசுக்கு இடம்தான் மாறும். சிலிக்கோன் இருக்கிற டேஷ்போர்டு பாலிஷை அந்தக் கொட்டகைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். துளி பட்டாலும் பெயிண்ட் விலகி மீன்கண் போலக் குழி விழும். காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துவிட்டு அதே கையால் பானெட்டைத் தடவிப் பார்ப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

நம் ஊர்க் காற்றின் ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், வெளிநாட்டு வீடியோக்களில் இதைப் பெரிதாகப் பேச மாட்டார்கள். காற்று 30 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 26 டிகிரி. தகடு பனிநிலையைவிட 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் வேலையின் பொது விதி. அதாவது இந்தக் காற்றில் தகடு 29 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். இரவு முழுக்கக் கொட்டகையில் கிடந்த தகடு காலை எட்டு மணிக்கு 25 டிகிரியில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் அதன் மேல் இருக்கும். "வெயிலுக்கு முன் முடித்துவிடலாம்" என்று விடியற்காலையில் அடித்தால் லேக்கர் வெளுத்துப்போகும், எனாமல் பிடிப்பில்லாமல் நிற்கும். தகடு சூடேறும் வரை காத்திருந்து, பத்து மணிக்கு மேல் நிழலில் அடிப்பதே சரி. ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கவே வேண்டாம்.

அதே ஈரம் கம்ப்ரசருக்குள்ளும் போகிறது. அழுத்திய காற்று சூடாக வெளியே வரும், குழாயில் போகப் போகக் குளிர்ந்து நீர் பிரியும். அந்த நீரைப் பிடிக்கும் ஈரப்பொறியைக் கம்ப்ரசரின் வாயிலேயே மாட்டினால் காற்று இன்னும் சூடாக இருப்பதால் ஆவி அப்படியே தாண்டிப் போய், கன் பக்கத்தில் நீராகும். நடுவில் ஏழெட்டு மீட்டர் குழாய் விட்டுப் பொறியை மாட்டுங்கள். டேங்கின் அடி வால்வைத் தினமும் திறந்து நீரை வடித்துவிடுங்கள்.

கன் பிடிப்பது பழக்கத்தில் வரும். பழைய தகரத்தில் பழகுங்கள். எச்.வி.எல்.பி. கன்னுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரம், ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூட வேண்டும், மணிக்கட்டை வளைக்காமல் கை முழுவதும் நகர வேண்டும். ஒரே பூச்சில் நிறத்தை மூடப் பார்ப்பவர்களுக்குத்தான் பெயிண்ட் வழியும். எனாமலுக்கு இன்னொரு வம்பு உண்டு. முதல் பூச்சு அரைகுறையாக இறுகிய நேரத்தில் அடுத்ததை அடித்தால் சுருங்கிக்கொள்ளும். டப்பாவில் போட்ட நேரத்துக்குள் அடிக்க வேண்டும், தவறினால் முழுதாகக் காயும் வரை பொறுக்க வேண்டும். அது மெதுவாகக் காய்வதால் மாலையில் லைட் போட்டு வேலை செய்தால் ஈசல் வந்து ஒட்டும்.

தீயை யாரும் நினைப்பதில்லை. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். பக்கத்துச் சமையலறை அடுப்பு, பூஜை விளக்கு, கொசுவர்த்திச் சுருள், கொட்டகையின் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் மோட்டார், எது வேண்டுமானாலும் பற்றவைக்கும். எனாமல் நனைந்த துணிகளைக் கசக்கி மூலையில் குவித்தால் தானாகவே சூடேறி எரியக்கூடும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது நீர் நிறைந்த தகர டப்பாவில் மூடி வையுங்கள்.

அடித்து முடித்த மறுநாளே மாட்ட ஆசை வரும். தொட்டால் ஒட்டாத எனாமல் உள்ளே இன்னும் மெத்தென்றுதான் இருக்கும். போல்ட்டை இறுக்கினால் வாஷருக்கு அடியில் சுருண்டு வரும், விண்ட்ஷீல்ட் ரப்பர் அச்சு பதிந்துவிடும். ஓரிரு வாரம் விடுங்கள், நகத்தால் ஓரத்தில் அழுத்தித் தடம் விழாதபோது மாட்டுங்கள். வேக்ஸ் போடுவதானால் இரண்டு மாதம் கழித்து.