இலவச ஆன்டிவைரஸ்களை ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

வீட்டுக் கணினிக்கு இலவச ஆன்டிவைரஸ் தேடுகிறவர்களில் பலரும் ஒரே மாதிரிதான் தேடுகிறார்கள். நாலைந்து பெயர்களை எடுத்துக்கொள்வது, எதில் வசதிகள் அதிகம் என்று டிக் போட்ட அட்டவணையைப் பார்ப்பது, அதிக டிக் வாங்கியதை இறக்கி நிறுவிவிடுவது. அந்த அட்டவணையில் பல நேரம் ஒரு பெயர் விடுபட்டிருக்கும். விண்டோஸோடு சேர்ந்தே வந்து, ஏற்கெனவே உங்கள் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்தான் அது.

இதைக் கணக்கில் எடுக்காமல் ஒப்பிடுவதைத்தான் நான் முதல் தவறு என்பேன். புதிதாக ஒன்றை நிறுவினால் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். ஆக, நீங்கள் பாதுகாப்பே இல்லாத கணினிக்குப் பாதுகாப்பு போடவில்லை. இருப்பதை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கிறீர்கள். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, "இருப்பதைவிட இது எனக்கு எதில் மேல்?" என்பதே.

டிஃபெண்டருக்கு இருக்கும் கெட்ட பெயர் பழைய கதை. விண்டோஸ் விஸ்டா, 7 காலத்தில் அந்தப் பெயரில் இருந்தது உளவு மென்பொருளை மட்டும் பிடிக்கும் சின்னக் கருவி. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் அது முழு ஆன்டிவைரஸ் ஆனது. அதற்குப் பிறகும் சில வருடங்கள் சோதனைகளில் பின்வரிசையில்தான் நின்றது. இப்போது நிலைமை வேறு. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை என மூன்றுக்கும் தலா 6 வீதம் 18 மதிப்பெண் போடுகிறது. அதில் டிஃபெண்டர் முழு மதிப்பெண்ணையோ அதை ஒட்டியோ வாங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது.

அதற்காக டிஃபெண்டரிடம் குறையே இல்லை என்று அர்த்தமில்லை. இரண்டு குறைகளைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று, அது மைக்ரோசாஃப்டின் கிளவுடை, அதாவது இணையம் வழியாக எட்டும் அதன் சர்வர்களை, நிறைய நம்பியிருக்கிறது. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரடிவ்ஸ் நிறுவனம் இணையத்தோடும் இணையம் இல்லாமலும் தனித்தனியாகச் சோதித்து வெளியிடும் அறிக்கைகளில், இணையம் துண்டித்த நிலையில் டிஃபெண்டரின் பிடிக்கும் திறன் நன்றாகவே இறங்குவது தெரியும். இரண்டாவது, ஏமாற்றுத் தளங்களைத் தடுக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீன் வசதி முதன்மையாக எட்ஜ் பிரவுசருக்கானது. குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ உலாவினால் அந்த வேலையைப் பார்ப்பது கூகுளின் சேஃப் பிரவுசிங்.

இப்போது உங்கள் பழக்கத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணினி பெரும்பாலும் இணையத்தில் இல்லை, பலருடைய பென்டிரைவ்கள் அதில் ஏறி இறங்குகின்றன என்றால், இணையம் இல்லாமலும் நன்றாகப் பிடிக்கும் ஒன்றைத் தேட நல்ல காரணம் இருக்கிறது. எந்நேரமும் இணையத்தில் இருக்கும் கணினி, மின்னஞ்சலும் வீடியோவும்தான் பயன்பாடு என்றால் மாற்ற வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தை டிஃபெண்டரின் அமைப்புகளைச் சரிபார்ப்பதில் செலவிடலாம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து 'வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன்' பகுதிக்குப் போனால் ரியல்-டைம் (எந்நேரமும் காவல்), கிளவுட், டேம்பர் (பாதுகாப்பு அமைப்புகளை வேறு நிரல்கள் மாற்றாமல் தடுப்பது) ஆகிய மூன்று ப்ரொடெக்ஷன்களும் ஆன் நிலையில் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். அதே பக்கத்தில் கீழே, ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) பகுதிக்குள் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று ஒன்று இருக்கும். இது தானாக ஆன் ஆகியிருக்காது. ஆன் செய்தால், முன்பின் தெரியாத நிரல்கள் உங்கள் ஆவணங்கள், படங்கள் இருக்கும் ஃபோல்டர்களில் கை வைக்க முடியாது. சில நல்ல நிரல்களையும் அது தடுக்கும். அவற்றை ஒவ்வொன்றாக அனுமதிக்க வேண்டியிருக்கும். தொந்தரவுதான், ஆனாலும் குடும்பப் படங்கள் இருக்கும் கணினியில் அந்தத் தொந்தரவைப் பட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, சதவீதங்களை அளவுக்கு மீறி நம்புவது. ஒன்று 99.75% பிடித்தது, இன்னொன்று 99.5% என்று பார்த்ததும் முதலாவதுதான் சிறந்தது என்று முடிவு கட்டிவிடுகிறோம். சோதனையில் 400 மாதிரிகள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். 99.75% என்றால் ஒன்றைத் தவறவிட்டது, 99.5% என்றால் இரண்டைத் தவறவிட்டது. ஒரே ஒரு மாதிரி வித்தியாசம். அடுத்த சோதனையில் இது அப்படியே தலைகீழாகலாம். ஒரு அறிக்கையை மட்டும் பார்க்காமல், ஒரு வருடத்து அறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்து, எது நிலையாக மேல்வரிசையில் இருக்கிறது என்று கவனிப்பதுதான் பயன் தரும். ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரடிவ்ஸ், இங்கிலாந்தின் எஸ்இ லேப்ஸ் மூன்றும் அறிக்கைகளைப் பொதுவில் வைக்கின்றன, படிக்கக் காசு தேவையில்லை.

படிக்கும்போது இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். சோதிக்கப்பட்டது இலவசப் பதிப்பா, கட்டணப் பதிப்பா? அவாஸ்ட், ஏவிஜி போன்றவற்றின் இலவசப் பதிப்பே சோதனைக்குப் போவதுண்டு. வேறு சில நிறுவனங்களில் கட்டணத் தொகுப்புதான் போகிறது. அதன் மதிப்பெண்ணை இலவசப் பதிப்பின் தலையில் ஏற்றிவிடக் கூடாது. மற்றொன்று, தவறான எச்சரிக்கைகளின் எண்ணிக்கை. நல்ல கோப்பை வைரஸ் என்று பிடிப்பது சின்ன விஷயமில்லை. 2010 ஏப்ரலில் மெக்காஃபியின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று எடுத்துப் பூட்டிவிட்டது. கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், அடிக்கடி பொய் எச்சரிக்கை தரும் ஆன்டிவைரஸ் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கும்: எச்சரிக்கை வந்தால் படிக்காமலே 'அனுமதி' அழுத்துவது. அதற்கப்புறம் உண்மையான வைரஸ் வரும்போதும் அதே பொத்தான்தான் அழுத்தப்படும்.

தாங்களே சோதித்துப் பார்க்க நினைப்பவர்களும் உண்டு, நல்ல எண்ணம்தான். ஆனால் வழி தவறிவிடுகிறது. ஒரு கோப்பைப் பல ஆன்டிவைரஸ்களைக் கொண்டு சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தில் சந்தேகமான கோப்பு ஒன்றை ஏற்றி, எந்தெந்த ஆன்டிவைரஸ் அதைப் பிடித்தது என்று பார்த்து, பிடிக்காதவற்றைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறார்கள். வைரஸ்டோட்டல் அதற்காக உருவானதல்ல. ஒப்பிடப் பயன்படுத்தாதீர்கள் என்று அந்தத் தளமே சொல்கிறது. அங்கே ஓடும் எஞ்சின்களின் (ஆன்டிவைரஸுக்குள் வைரஸைக் கண்டுபிடிக்கும் பகுதி) அமைப்பு உங்கள் கணினியில் ஓடும் பதிப்பைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் கணினியில் ஒரு நிரல் ஓடத் தொடங்கிய பின் அதன் நடத்தையைப் பார்த்துத் தடுக்கும் பகுதி அந்த முடிவில் தெரியாமல் போகலாம். ஒரு கோப்பு சந்தேகத்துக்குரியதா என்று அறிய வைரஸ்டோட்டல் அருமையான இடம். ஆனால் அங்கே ஏற்றும் கோப்பை மற்றவர்களும் பார்க்க வாய்ப்பு உண்டு என்பதால், சொந்த ஆவணங்களை ஏற்றாதீர்கள்.

ஐகார் சோதனைக் கோப்பும் இப்படித்தான். 68 எழுத்துகள் கொண்ட, எந்தக் கெடுதலும் செய்யாத வரி அது. அதைப் பார்த்ததும் எல்லா ஆன்டிவைரஸ்களும் குரல் கொடுக்க வேண்டும் என்பது உலக வழக்கம். உங்கள் பாதுகாப்பு விழித்திருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்லும். எது கெட்டிக்காரத்தனம் மிகுந்தது என்பதை அதைக் கொண்டு அளக்க முடியாது.

நான் அதிகம் கவலைப்படும் இடம் இனிமேல்தான். இலவசமாகத் தருகிறவர் எப்படிச் சம்பாதிக்கிறார் என்று கேட்காமல் விடுவது. பெரும்பாலும் பதில் எளிமையானது: இலவசத்தைக் காட்டி, கட்டணப் பதிப்பை வாங்க வைப்பது. அதில் தப்பில்லை, பாப்-அப்களைத் தாங்கினால் போதும். ஆனால் எல்லா நேரமும் அதோடு நின்றதில்லை. அவாஸ்ட் தன் பயனர்களின் உலாவல் விவரங்களைச் சேகரித்து, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது 2020 ஜனவரியில் அம்பலமானது. சில நாட்களிலேயே ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னதோடு, உலாவல் தரவை விளம்பரத்துக்காக விற்கவும் தடை போட்டது. பாதுகாப்புக்காக நிறுவியதே உலாவல் வரலாற்றை விற்றுக்கொண்டிருந்திருக்கிறது. எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இன்று அந்த நிலை மாறியிருக்கலாம். இருந்தாலும் எந்த இலவச ஆன்டிவைரஸை நிறுவினாலும், நிறுவிய கையோடு அமைப்புகளில் பிரைவசி பகுதியைத் திறந்து, மூன்றாம் தரப்போடு தரவு பகிர்வது, விளம்பரச் சலுகைகள் காட்டுவது ஆகியவற்றின் டிக்குகளை எடுத்துவிடுங்கள். நிறுவும்போதே கவனமும் வேண்டும். பெரிய பச்சைப் பொத்தானுக்குக் கீழே சின்ன எழுத்தில் 'கஸ்டமைஸ்' என்று இருக்கும். அதைத் திறந்தால் கேட்காமலே சேர்ந்து வரவிருக்கும் பிரவுசர், விபிஎன், கணினியைச் சுத்தம் செய்யும் கருவி எல்லாம் வரிசையாக நிற்கும். தேவையில்லாததை அங்கேயே எடுத்துவிட்டால் பின்னால் வேலை மிச்சம்.

யாருடையது என்பதும் ஒப்பீட்டில் முக்கியம். ஏவிஜியை அவாஸ்ட் 2016-இல் வாங்கியது. அவிராவை நார்ட்டன் நிறுவனம் 2021 தொடக்கத்தில் வாங்கியது. 2022-இல் நார்ட்டனும் அவாஸ்டும் இணைந்து ஜென் டிஜிட்டல் ஆயின. அதாவது அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் நான்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அவாஸ்டும் ஏவிஜியும் ஒரே எஞ்சினில்தான் ஓடுகின்றன. இவை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மணிக்கணக்கில் ஒப்பிடுகிறவர்கள் உண்மையில் நிறத்தையும் பொத்தான்களின் இடத்தையும்தான் ஒப்பிடுகிறார்கள்.

ஒரே தராசில் வைக்கக் கூடாத இரண்டை வைப்பதும் நடக்கிறது. மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு 14 நாள் சோதனைக் காலம் முடிந்ததும், நீங்கள் சொல்லும்போது மட்டும் ஸ்கேன் செய்யும் கருவியாக மாறிவிடும். பின்னணியில் காவல் இருக்காது. அவாஸ்ட், பிட்டிஃபெண்டர் ஆகியவற்றின் இலவசப் பதிப்புகள் எந்நேரமும் காவல் இருப்பவை. மால்வேர்பைட்ஸ் மோசம் என்று சொல்லவில்லை. டிஃபெண்டருக்குப் பக்கத்தில் இரண்டாவது கருத்து கேட்க அது நல்ல துணை. அதே சமயம், எந்நேரமும் காவல் இருக்கும் இரண்டை ஒன்றாக ஓடவிடாதீர்கள். ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் திறந்து பார்க்கும், ஒன்றை ஒன்று சந்தேகப்படும், கணினி திணறும்.

திணறல் என்றதும் வேகம் ஞாபகம் வருகிறது. நிறுவிய முதல் நாளே "இது ரொம்ப ஸ்லோ" என்று தீர்ப்பு எழுதக் கூடாது. முதல் முழு ஸ்கேனில் டிஸ்க்கில் உள்ள எல்லாக் கோப்புகளையும் அது படிக்கிறது. பெரும்பாலானவை சோதித்தவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை தாண்டிப் போகும். ஒரு வாரம் வழக்கமான வேலைகளைச் செய்து பாருங்கள். பெரிய ஃபோல்டரை நகலெடுக்க எவ்வளவு நேரம், பிரவுசர் திறக்க எவ்வளவு நேரம் என்று உங்கள் கணினியிலேயே பார்ப்பதுதான் உண்மையான அளவு. எஸ்எஸ்டி உள்ள கணினியில் கண்ணுக்கே தெரியாத சுமை, பழைய ஹார்டு டிஸ்க்கில் நன்றாகவே தெரியும்.

எங்கிருந்து இறக்குகிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேடல் முடிவுகளில் மேலே வரும் விளம்பரங்களைச் சொடுக்காமல், நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கு நேராகப் போங்கள். "உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, உடனே இதை நிறுவுங்கள்" என்று பிரவுசருக்குள் குதிக்கும் பக்கத்தை நம்பவே கூடாது. ஒரு வலைப்பக்கத்தால் உங்கள் டிஸ்க்கை ஸ்கேன் செய்ய முடியாது. அதில் தொலைபேசி எண் இருந்தால் அது மோசடியேதான்; பிரவுசரை மூடிவிடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும், அப்டேட் செய்யாத விண்டோஸை ஆன்டிவைரஸ் ஈடுகட்டிவிடும் என்று நினைப்பது ஆபத்து. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் வெளிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதில் இன்னும் இருப்பவர்கள் எந்த ஆன்டிவைரஸ் என்று யோசிப்பதற்கு முன், நீட்டிக்கப்பட்ட அப்டேட் திட்டத்தில் சேர்வதா, விண்டோஸ் 11-க்கு மாறுவதா என்பதை முடிவு செய்யட்டும். முக்கியமான கோப்புகளின் நகல் ஒன்று, கணினியோடு இணைக்கப்படாத டிஸ்க்கில் இருக்கட்டும். ரான்சம்வேர் நுழைந்துவிட்டால் கை கொடுப்பது அதுதான்.

ஒன்றை முயன்று பார்த்துப் பிடிக்காமல் நீக்குகிறீர்களா? வழக்கமான அன்இன்ஸ்டால் சில நேரம் மிச்சம் மீதி வைத்துவிடும். அவாஸ்ட், நார்ட்டன், மெக்காஃபி போன்றவை நீக்குவதற்கென்றே தனிக் கருவி வைத்திருக்கின்றன. அதை ஓட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். புதுக் கணினியோடு வந்த சோதனைப் பதிப்பு காலாவதியாகிக் கிடந்தால், அதற்கும் இதே வழி. அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து டிஃபெண்டர் மறுபடி ஆன் ஆகிவிட்டதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஐகார் கோப்பை இறக்கிப் பாருங்கள், சில நொடிகளில் எச்சரிக்கை வர வேண்டும்.