கருப்பை வேறு, சூலகம் வேறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கருப்பையை அகற்றினால் பெண்மையே போய்விடும் என்ற அச்சம் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் என்று எங்கள் திருகோணமலை ஊர்களில் இன்றும் இருக்கிறது. கருப்பையையும் சூலகத்தையும் ஒன்றாக எண்ணுவதால் வரும் அச்சம் இது. ஈஸ்திரஜன் ஓமோனைச் சுரப்பவை கருப்பையின் இருபுறமும் உள்ள சூலகங்கள். அவற்றை விட்டுவைத்துக் கருப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும். ஓமோன் சுரப்பு பெரும்பாலும் தொடரும். ஆகவே ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன், "கருப்பை மட்டுமா, சூலகங்களையும் எடுப்பீர்களா?" என்று கட்டாயம் கேளுங்கள்.

பூப்பெய்திய பிள்ளையின் சாமத்தியவீட்டுக்கு உழுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று குறைவில்லாமல் ஊட்டுகிறோம். சிறுநீர் வரும் வழியும் மாதவிடாய் வரும் வழியும் வேறு வேறு என்பதை மட்டும் அந்தப் பிள்ளைக்குச் சொல்வதில்லை. முன்னால் சிறுநீர்த் துவாரம், நடுவே யோனி, பின்னால் மலவாயில். பெண்களின் சிறுநீர் வழி ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர்தான். பின்னிருந்து முன்னாகக் கழுவினால் கிருமிகள் எளிதாக உள்ளே ஏறிவிடும். முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும்.

சித்திரை வெயிலில் வியர்த்து வந்தால் வெளிப்புற மடல்களைத் தண்ணீரால் கழுவினாலே போதும். யோனியின் உள்ளே சவர்க்காரமோ கிருமிநாசினியோ வேண்டவே வேண்டாம். அங்கு வாழும் நல்ல பற்றீரியாக்கள் அமிலத்தன்மையைக் காத்துத் தொற்றைத் தடுக்கின்றன. தெளிவான அல்லது வெண்மையான திரவம் சிறிதளவு வருவது இயல்பு. துர்நாற்றம், அரிப்பு, நிறமாற்றம் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

யோனி வாயிலில் உள்ள மெல்லிய கன்னிச்சவ்வு மூடிய கதவு அன்று; முழுதும் மூடியிருந்தால் மாதவிடாயே வெளியேறாது. அதைக் கொண்டு ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை அளப்பது கொடுமை.

சூலகத்திலிருந்து முட்டை எல்லாருக்கும் மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 14ஆம் நாளில் வெளியாகும் என்பதும் பிழை. அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன்பே அது நிகழ்கிறது. 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது ஏறக்குறைய 21ஆம் நாள்.

சுகவனிதையர் கிளினிக்கில் 35, 45 வயதுகளில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே அறியச் செய்யப்படும் பாப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். ஆனால் அது கருப்பைக் கழுத்தின் கலங்களை மட்டுமே பார்க்கிறது. முடிவு நன்றாக வந்தால் சூலகத்திலும் கோளாறில்லை என்று இருந்துவிட வேண்டாம். மாதவிடாய் முற்றாக நின்றபின் சிறிது இரத்தம் பட்டாலும், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்.