தூணில் நிற்கும் தண்ணீர்த் தாங்கி: எவ்வளவு ஆடும் என்று கணக்கிடுவது

திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து மணலில் தூண்மேல் நிற்கும் கொங்கிரீட் தாங்கி எப்படி ஆடும் என்று பார்க்கப் பெரிய மென்பொருள் வேண்டாம், எக்செல் தாள் போதும். கணக்குப் பிழைப்பது பெரும்பாலும் தண்ணீரின் திணிவில்தான்.

உள்விட்டம் 5 மீற்றர், நீராழம் 2.5 மீற்றர் என்று வையுங்கள். தண்ணீர் 49 தொன். வெறும் தாங்கியும் தூண்களின் மூன்றிலொரு பங்கும் சேர்ந்து 40 தொன். பலர் கண்ணை மூடிக்கொண்டு 89 தொன் போடுவார்கள். இந்த வடிவத்தில் தண்ணீரின் 54 வீதம்தான் சுவரோடு சேர்ந்து அசையும், மிச்சம் மேலே தனியாகத் தளம்பும். ஆகவே கணக்குக்கு எடுக்கவேண்டியது 66.5 தொன்.

அடுத்தது விறைப்பு, அதாவது ஒரு மீற்றர் நகர்த்த எவ்வளவு விசை வேண்டும் என்பது. தாங்கியின் புவியீர்ப்பு மையத்தில் கிடையாக 10 கிலோநியூட்டன் கொடுத்து நகர்வைப் பாருங்கள். 1 மில்லிமீற்றர் என்றால் மீற்றருக்கு 10 மெகாநியூட்டன். வெடிப்பைக் கருதி, தூண்களின் சடத்துவத் திருப்பத்தை (வளைவை எதிர்க்கும் குறுக்குவெட்டு அளவை) 0.7 ஆலும் வளைகளினதை (தூண்களை இணைக்கும் கிடை உத்தரங்களினதை) 0.35 ஆலும் பெருக்கிய பிறகே இதைச் செய்யுங்கள். அத்திவாரத்தை அசையாததாக எடுத்தால் விறைப்புக் கூடிப்போகும். மணலில் அத்திவாரம் சற்றுச் சாய்வதைக் காட்டும் சுழல் வில் ஒன்றும் சேருங்கள்.

திணிவை விறைப்பால் வகுத்து, வர்க்கமூலத்தை 2π ஆல் பெருக்கினால் ஆவர்த்தனகாலம், அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கான நேரம், 0.51 செக்கன். வெறுமையாக 0.40. அந்த 89 தொன் போட்டிருந்தால் 0.59 வந்திருக்கும். நிறைந்த நிலை, வெறும் நிலை இரண்டையும் ஓட்டுங்கள். தளம்பும் நீருக்கு 2.4 செக்கன், அதை 0.5 வீதத் தணிப்போடு (ஆட்டம் அடங்கும் அளவோடு) தனியாகக் கணக்கிட்டு, இரண்டு விடைகளின் உச்சங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்.

இனி ஆட்டத்தைச் சிறு நேரப்படிகளாகக் கணக்கிடும் நியூமார்க் முறை, சராசரி ஆர்முடுகல் வகை. கொங்கிரீட்டுக்குத் தணிப்பு 5 வீதம், நேரப்படி 0.02 செக்கன். விறைப்பு, தணிப்புக் குணகத்தின் இருமடங்கைப் படியால் வகுத்தது, திணிவின் நான்கு மடங்கைப் படியின் வர்க்கத்தால் வகுத்தது, மூன்றையும் கூட்டினால், ஒவ்வொரு படியிலும் பயன்படும் விளைவு விறைப்பு மீற்றருக்கு 10 + 8.2 + 665 = 683 மெகாநியூட்டன். உங்கள் தாளிலும் இதே எண் வரவேண்டும். படியை 0.1 ஆக்கினாலும் இந்த முறை வெடித்துச் சிதறாது. ஆவர்த்தனகாலத்தை நீட்டிக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். அதுதான் ஆபத்து. படியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள், உச்சம் மாறக்கூடாது.

நில அதிர்வுப் பதிவு ஈர்ப்பு ஆர்முடுகலின் பின்னமாக இருந்தால் 9.81 ஆல் பெருக்குங்கள். மறந்தால் விடை பத்திலொன்றாகிவிடும். காற்றுக்கு வானிலை நிலையத்தின் 10 நிமிடச் சராசரியைப் போடாதீர்கள், அதில் வீச்சே (திடீரென்று பலத்து அடிக்கும் காற்று) இல்லை. 3 செக்கன் வீச்சு இந்தத் தாங்கியின் ஆவர்த்தனகாலத்தைவிட ஆறு மடங்கு நீளம் என்பதால், அது மெதுவாக ஏறி இறங்கினால் நிலைச்சுமைக் கணக்கே ஏறத்தாழப் போதும்.

சரிபார்க்க, கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாளில் கைபேசியை மேல்தட்டில் இறுக்கி ஒட்டி, செக்கனுக்கு 100 அளவீடாகப் பத்து நிமிடம் பதியுங்கள். பதிவின் அதிர்வெண் வரைபில் நிறைந்த தாங்கிக்கு உச்சம் 1.95 ஹேர்ட்ஸ் அருகே வரவேண்டும். சற்றுக் கூட வந்தால் பதறவேண்டாம், சிறிய ஆட்டத்தில் வெடிப்புகள் திறப்பதில்லை. குறைய வந்தால் அத்திவார வில்லைத் திருத்துங்கள்.