கல்லூரியில் படித்துக்கொண்டே ராணுவ அதிகாரி ஆவதற்கு: என்.சி.சி. வழியில் மூன்றாண்டுத் தயாரிப்பு

முதலாண்டு வகுப்புகள் தொடங்கிய சில வாரங்களில் கல்லூரி அறிவிப்புப் பலகையில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) சேர்க்கைக்கான தாள் ஒட்டப்படும். ராணுவ அதிகாரியாகும் எண்ணம் இருப்பவர்கள் அந்த நாளைத் தவறவிடக் கூடாது. பட்டதாரிகள் தரைப்படையில் அதிகாரியாகச் சேரப் பல வழிகள் உண்டு. எந்தப் பாடம் படித்திருந்தாலும் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே எஸ்.எஸ்.பி. (ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) தேர்வுக்குப் போக உதவும் வழி என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி. அதற்கான அடித்தளம் முதலாண்டிலேயே போடப்படுகிறது. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால், மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் என்.சி.சி.யின் 'பி' சான்றிதழுக்கு அடுத்த படியான 'சி' சான்றிதழை எட்டுவதற்குள் படிப்பு முடிந்துவிடும்.

தகுதிகள் இவை: வயது 19 முதல் 25 வரை, திருமணமாகாதவர், பட்டப்படிப்பில் மொத்தம் 50 சதவீதம், என்.சி.சி. சீனியர் டிவிஷன் (கல்லூரி ஆண்கள் பிரிவு) அல்லது சீனியர் விங்கில் (பெண்கள் பிரிவு) முழுப் பயிற்சி, 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு. ஆண்களும் பெண்களும் விண்ணப்பிக்கலாம். 50 சதவீதம் என்பது வாசற்படி மட்டும்தான். விண்ணப்பங்கள் குவிந்தால் மதிப்பெண் அடிப்படையில் வடிகட்டுவார்கள், ஆகவே 60க்கு மேல் வைத்திருப்பது பாதுகாப்பு. பரேடுக்குப் போகிறேன் என்று அரியர் சேர்த்துக்கொள்பவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள்.

பெயர் விஷயம்

சேர்க்கைப் படிவத்தை நிரப்பும்போதே பெயரைச் சரிபார்த்துவிடுங்கள். நம் ஊரில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். மூன்றாண்டு கழித்து 'சி' சான்றிதழில் ஒரு பெயரும் பட்டச் சான்றிதழில் இன்னொரு பெயருமாக எஸ்.எஸ்.பி. மையத்தில் போய் நின்றால், சான்று சரிபார்க்கும் மேசையிலேயே சிக்கல் தொடங்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுத்து, இடைவெளி, புள்ளி வரை எல்லா இடத்திலும் இருக்கட்டும். பிறந்த தேதிக்கும் அதுவே ஆதாரம்.

பரேடு, கேம்ப், சான்றிதழ்

இரண்டாம் ஆண்டில் 'பி' தேர்வு, மூன்றாம் ஆண்டில் 'சி' தேர்வு. இரண்டுக்கும் பரேடு வருகை 75 சதவீதம் வேண்டும். 'பி'க்கு ஓர் ஆண்டுப் பயிற்சி முகாம் போதும். 'சி'க்கு இரண்டு முகாம் தேவை, அல்லது ஒரு ஆண்டு முகாமும் மத்திய அளவிலான ஒரு முகாமும் இருக்க வேண்டும். முகாம் பத்து நாள் நீளும், இன்டர்னல் தேர்வோடு மோதும். முகாம் ஆணை வந்த அன்றே ஏ.என்.ஓ. (கல்லூரியின் என்.சி.சி. பொறுப்பாசிரியர்) கையெழுத்தோடு துறைத்தலைவரிடம் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் கொடுத்து, மறுதேர்வுத் தேதியையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். திரும்பி வந்து கேட்டால் பாதிப் பேருக்குக் கிடைக்காது. முதலாண்டிலேயே ஒரு முகாமை முடித்துவிடுவது நல்லது. மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளிவைத்து, அம்மை போட்டு முகாமைத் தவறவிட்டால் 'சி' தேர்வே எழுத முடியாது.

'சி' தேர்வில் ட்ரில் நன்றாகச் செய்பவர்களும் கிரேடு இழப்பது மேப் ரீடிங்கில். கிரிட் ரெஃபரன்ஸ் (வரைபடக் கட்டங்களைக் கொண்டு இடத்தைக் குறிக்கும் ஆறு இலக்க எண்) எழுதும்போது முதலில் ஈஸ்டிங் (கிழக்கு நோக்கிக் கூடும் எண்), பிறகு நார்த்திங் (வடக்கு நோக்கிக் கூடுவது). அவசரத்தில் மாற்றி எழுதினால் ஆறு இலக்கமும் வீண். பேக் பேரிங் (எதிர்த்திசைக் கோணம்) கணக்கிட, பேரிங் 180 டிகிரிக்குக் கீழே இருந்தால் 180ஐக் கூட்டுங்கள், மேலே இருந்தால் கழியுங்கள். பாயின்ட் 22 ரைஃபிளில் ஐந்து குண்டும் நெருக்கமாக, ஆனால் ஒரே பக்கம் விலகி விழுந்தால் கோளாறு குறிபார்ப்பில் இருக்கிறது. சிதறி விழுந்தால் மூச்சிலும் ட்ரிகரிலும். விரலால் வெடுக்கென்று இழுக்காமல், மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டும்.

ஓட்டம்

பயிற்சிக்குச் சேரும்போது ஆண்களிடம் எதிர்பார்ப்பது: 2.4 கிலோமீட்டரை 10 நிமிடம் 30 வினாடியில் ஓடுவது, 40 புஷ்-அப், 6 புல்-அப், 30 சிட்-அப். பெண்களுக்கு 13 நிமிடம், 15 புஷ்-அப், 2 புல்-அப், 25 சிட்-அப். இருவருக்கும் அடிப்படை நீச்சல் தெரிந்திருக்க வேண்டும்.

2.4 கிலோமீட்டர் என்றால் 400 மீட்டர் மைதானத்தில் ஆறு சுற்று. ஒரு சுற்றுக்கு ஆண்கள் 1 நிமிடம் 45 வினாடி, பெண்கள் 2 நிமிடம் 10 வினாடி. பெரும்பாலானோர் முதல் சுற்றை 1 நிமிடம் 25 வினாடியில் பறந்துவிட்டு நான்காவது சுற்றில் நடக்கிறார்கள். வாட்ச் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சுற்றையும் ஒரே நேரத்தில் முடிக்கப் பழகுங்கள். வாரம் மூன்று நாள் போதும்: ஒரு நாள் 5 கிலோமீட்டர் நிதானமாக, ஒரு நாள் ஆறு 400 மீட்டர் இடையிடையே இரண்டு நிமிட நடையோடு, ஒரு நாள் 2.4 கிலோமீட்டர் நேரம் பார்த்து. தூரத்தை ஒரேயடியாகக் கூட்டினாலும், பரேடு பூட்ஸோடு தார்ச் சாலையில் ஓடினாலும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும். அப்போது ஓட்டத்தை நிறுத்தி ஓய்வு கொடுங்கள். வலியோடு ஓடினால் எலும்பில் விரிசல் வரை போகும்.

புல்-அப் ஒன்றுகூட வராதவர்கள் கம்பியின் மேலே ஏறி நின்று, மெல்ல ஐந்து எண்ணிக்கையில் கீழிறங்கிப் பழகினால் சில மாதங்களில் வந்துவிடும்.

விண்ணப்பம்

அறிவிப்பு ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல், அக்டோபர் பயிற்சிகளுக்காக வரும். ஜாயின் இந்தியன் ஆர்மி இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 'சி' சான்றிதழ் கையில் இருக்கும்படி காலத்தைக் கணக்குப் போடுங்கள். மூன்றாண்டுப் படிப்புக்காரர்களுக்குத் தேர்வு முடிவு வரும் வேளையில் ஒரு அறிவிப்பு கடந்துபோயிருக்கும், அடுத்ததற்குக் காத்திருக்க நேரலாம். நான்காண்டுப் பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டில் நிதானமாக விண்ணப்பிக்கலாம். சி.ஜி.பி.ஏ. முறையில் படித்தவர்கள் சதவீதமாக மாற்றும் சூத்திரம் உள்ள கடிதத்தைப் பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அது கிடைக்க வாரக்கணக்கில் ஆகும்.

இடங்கள் குறைவு என்பதால் முப்படை அதிகாரிப் பணிக்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வையும் கூடவே எழுதுங்கள். யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. ஓ.டி.ஏ.வுக்கு (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) ஆங்கிலமும் பொது அறிவும் மட்டும், ஐ.எம்.ஏ.வுக்கு (இந்திய ராணுவ அகாடமி) கணிதமும் சேரும். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும்.

எஸ்.எஸ்.பி.

ஐந்து நாள் தேர்வு. பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ், ஜலந்தர் மையங்களில் ஒன்றுக்கு அழைப்பு வரும். முதல் நாளிலேயே பெரும்பகுதியினரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு படத்தை 30 வினாடி காட்டிக் கதை எழுதச் சொல்லி, பிறகு குழுவாகப் பேசவிடுவார்கள். பதினைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தும் மீன் மார்க்கெட்டாக அது மாறிவிடும். அங்கே கத்தி ஜெயிக்க முடியாது. இரண்டு பேர் சொன்னதை இணைத்து, பேசாமல் இருப்பவரைப் பேசவைக்கும் ஒருவர் கவனிக்கப்படுவார். ஆனால் வாயே திறக்காவிட்டால் மதிப்பிட எதுவும் இருக்காது.

இரண்டாம் நாள் உளவியல் தேர்வு. படம் பார்த்துப் பன்னிரண்டு கதை எழுத வேண்டும், கடைசி ஒன்றுக்குப் படம் இல்லாமல் வெற்றுத் திரை. அடுத்து 60 சொற்கள், ஒவ்வொன்றையும் பார்த்து மனதில் தோன்றுவதை எழுத 15 வினாடி. அதன்பின் 60 சூழ்நிலைகள், ஒவ்வொன்றிலும் என்ன செய்வீர்கள் என்று எழுத மொத்தம் 30 நிமிடம். தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு மாற்றுபவர்களுக்கு 15 வினாடி போதாது. தினமும் இருபது சொல் எடுத்து, அலைபேசியில் நேரம் வைத்து எழுதினால் ஆறு மாதத்தில் அந்தத் தடை உடையும். தோல்வி என்ற சொல் வந்தால், வெற்றிக்கு முதல் படி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதில் எழுதியவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தோற்ற அணி மறுநாள் கூடித் தவறுகளைப் பட்டியலிட்டது என்று எழுதினால் உங்கள் மனம் போகும் திசை தெரியும். பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்த கதைகளை உளவியலாளர் உடனே அடையாளம் காண்பார். கதையில் ஒருவராகவும் நேர்காணலில் வேறொருவராகவும் தெரிந்தால் தேர்ச்சி கிடையாது.

மூன்றாம், நான்காம் நாள் மைதானத்தில். பலகை, கட்டை, கயிறு கொண்டு தடைகளைக் கடக்கும் குழுப்பணியில், 4 அடிக்கு மேற்பட்ட இடைவெளியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது, சிவப்புப் பகுதியை யாரும் தொடக் கூடாது. விதி மீறினால் நீங்களே சொல்லித் திரும்பிப் போய் மறுபடி செய்யுங்கள். தனிநபர் தடைகள் பத்து, நேரம் மூன்று நிமிடம். தடைகளுக்கு ஒன்று முதல் பத்து வரை எண் உண்டு, அந்தத் தடைக்கான மதிப்பெண்ணும் அதே எண்தான், ஆகவே ஓடத் தொடங்கும் முன்பே எந்த வரிசையில் செய்வது என்று பார்த்துவையுங்கள்.

நேர்காணலில் என்.சி.சி. பற்றித் துருவுவார்கள். உங்கள் முகாமில் எத்தனை கேடட்டுகள், நீங்கள் என்ன பொறுப்பு, என்ன சிக்கல் வந்தது, எப்படித் தீர்த்தீர்கள் என்று கேட்பார்கள். முகாம் முடிந்த வாரமே ஒரு நோட்டில் குறித்துவைத்தவர்களுக்கு இது எளிது.

மருத்துவம்

தேர்ச்சிக்குப் பிறகு ராணுவ மருத்துவமனையில் சோதனை. காதுமெழுகு, சொத்தைப் பல், அதிக எடை போன்றவை முன்கூட்டியே சரிசெய்யக்கூடியவை. நிறப்பார்வைக் குறைபாடு, தட்டைப் பாதம், முட்டி ஒட்டுதல் (நிற்கும்போது முழங்கால்கள் ஒன்றோடொன்று ஒட்டுவது) ஆகியவற்றை முதலாண்டிலேயே மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள். பச்சை குத்துவது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே அனுமதி. கல்லூரிச் சுற்றுலாவில் தோளில் குத்திக்கொண்ட ஒரு பெயருக்காக மூன்றாண்டு உழைப்பு போக வேண்டாம்.

தகுதிப் பட்டியலில் பெயர் வந்தால் சென்னைப் பரங்கிமலை ஓ.டி.ஏ.வில் 49 வாரப் பயிற்சி. எஸ்.எஸ்.பி. முடிந்து சேரும் கடிதம் வரச் சில மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் ஓட்டத்தை விட்டுவிட்டு வருபவர்கள்தான் முதல் வாரங்களிலேயே காயம்பட்டுப் பின்தங்குகிறார்கள். இறுதியாண்டில் விண்ணப்பித்துச் சேர்ந்தவர்கள் பயிற்சி தொடங்கிய 12 வாரத்துக்குள் பட்டம் பெற்றதற்கான சான்றைக் கொடுக்க வேண்டும். தவறினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட நேரும். ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே புரொவிஷனல் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, அதை வாங்கி அனுப்ப வீட்டில் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.